சிக்கினால் மட்டும் கேள்

ஆகஸ்ட் 4, 1987. செவ்வாய்

காலையிலிருந்து காற்று. கம்ப்யூட்டர் அறை ஜன்னல் கொக்கி மறுபடி கழன்றுவிட்டது, செங்கல் முட்டுக் கொடுத்தேன். கீபோர்டு முழுக்க மண். ஈரத் துணி, பிறகு பழைய பல் பிரஷ்.

நேற்று பதினெட்டாம் பெருக்கு. என் வீட்டுக்காரர் மேட்டூர் போகலாம் என்றார். நான் பள்ளிக்கூடம் போனேன். அதற்கு இன்று வரை முகம் தூக்கல்.

மதியம் தாளாளர் அறைக்கு வந்தார். (இனி இங்கே தா. என்று மட்டும்.) உள்ளே வந்ததும் விரலால் மானிட்டர் தலையைத் தடவி, விரலைப் பார்த்தார்.

"டீச்சரம்மா, இங்க இருந்தா மண்ணு புடிச்சே வீணாப் போயிருமுங்க. என்ற ரூமுக்குக் கொண்டாந்தரலாம். கண்ணாடி பீரோவுக்குச் சொல்லிட்டேன்."

அரசாங்கத் திட்டத்தில் பள்ளிக்கு வந்தவை இரண்டு. ஒன்று முதல் மாதமே வோல்டேஜில் போயிற்று. மிச்சம் இதுதான். இதை நம்பி ப்ளஸ் ஒன் பெண்கள் எட்டுப் பேர் மாலை வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடி பீரோவுக்குள் போனால் அது கொலு பொம்மை. வருஷம் ஒரு முறை திறப்பார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஐயா, இது செஸ் ஆடும். நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்" என்றேன்.

"யாரு கூட?"

"யார் கூட வேண்டுமானாலும்."

மாலைக்குள் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஆகஸ்ட் 15, கொடியேற்றம் முடிந்ததும், ஹாலில். எதிரில் திருச்செங்கோடு பழனிசாமி. போர் போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர், தா.வின் சிநேகிதர். ரிக் கொட்டகைகளில் அவரை ஜெயித்த ஆள் இல்லையாம். ஆளுக்கு ஒரு மணி நேரக் கடிகாரம். பன்னாட்டு விதிமுறை. கம்ப்யூட்டர் பொட்டி ஜெயித்தால் அறைச் சாவி என்னிடம், வகுப்பு நடக்கும். ஜெயிக்காவிட்டால் கண்ணாடி பீரோ.

பதினொரு நாள். போதும்.

ஆகஸ்ட் 6, வியாழன்

மேகம், மழை இல்லை.

பேசிக்கில் எழுதிய பழைய புரோகிராம் மூன்று நகர்த்தல் ஆழம் பார்க்க நாற்பது நிமிஷம் எடுத்துக்கொள்கிறது. ஒரே ஒரு நகர்த்தலுக்கு! பழனிசாமி டீ குடித்து, ஊருக்குப் போய், போர் போட்டுத் திரும்பி வரலாம்.

கணக்கு எளிது. நமக்கு முப்பது நகர்த்தல், ஒவ்வொன்றுக்கும் எதிராளிக்கு முப்பது பதில், அதற்கு நமக்கு முப்பது. இருபத்தேழாயிரம். நாலாவது ஆழத்துக்குப் போனால் எட்டு லட்சம் சொச்சம். எட்டு லட்சத்தை இந்தப் பொட்டி விடிய விடியப் பார்க்கும்.

ஆட்டம் நாற்பது நகர்த்தல் என்று வைத்தால் ஒன்றுக்கு ஒன்றரை நிமிஷம். அதற்குள் மூன்று ஆழம் வேண்டும்.

முடிவு: முழுவதும் மெஷின் மொழியில். கோவையில் மூன்று வாரப் பயிற்சிக்குப் போனதில் உருப்படியாகக் கற்றது இது ஒன்றுதான். கட்டம் போட்ட நோட்டு இரண்டு, பென்சில் நாலு, ரப்பர் ஒன்று. வாங்க வேண்டியவை: கேசட் 2, புளி, அவருக்கு டர்பண்டைன்.

அவர் லாரி பாடி பட்டறையில் பெயிண்டர். ஹாலில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பெரிய செஸ் பலகை ஒன்று பிளைவுட்டில் அடித்துத் தர ஒப்புக்கொண்டார். மேட்டூர் விவகாரம் முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 8, சனி

மெஷின் மொழியில் ஓடிவிட்டது. மூன்று ஆழம், 140 வினாடி. நாற்பது நிமிஷம் எங்கே, இது எங்கே. எழுந்து நின்று கைதட்டினேன், யாரும் இல்லாத அறையில்.

ஆனாலும் 140 அதிகம். எங்கே நேரம் போகிறது என்று பார்த்தேன். ஒவ்வொரு நகர்த்தலிலும் நின்று "என் ராஜாவுக்கு இப்போது செக்கா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆயிரக்கணக்கான முறை அதே கேள்வி. பயந்த பிள்ளை பரீட்சை ஹாலில் ஹால் டிக்கெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற மாதிரி.

கேள்வியை அடியோடு எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் சுருக்கமான வழி: அடுத்த அடியில் ராஜாவை வெட்ட முடிகிறதா என்று மட்டும் பார். வெட்ட முடிந்தால் அந்த நகர்த்தல் செல்லாது. ஒருவனுக்குச் செல்லுபடியாகும் நகர்த்தல் ஒன்றுமே இல்லை என்றால் அவன் கதை முடிந்தது, தோல்வி என்று எழுது.

140 என்பது 85 ஆயிற்று. ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதற்கு 55 வினாடி பரிசு. இன்று நான் ரொம்பக் கெட்டிக்காரி.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

வெயில். காலை பத்துக்குப் பழனிசாமி பள்ளிக்கே வந்துவிட்டார், எதிராளியைப் பார்க்க. ஐம்பது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, கையில் கிரீஸ் போகாத நகம். பொட்டியைச் சுற்றி வந்தார், பின்பக்கம் குனிந்து பார்த்தார்.

"எத்தனை அடி போகுமுங்க இது?"

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. ஆழத்தைக் கேட்கிறார்.

"மூணு. சில நேரம் நாலு."

"அவ்வளவுதானுங்களா? நானு ஆறு ஏழு போவேன். ஆனா எல்லா எடத்துலயும் போக மாட்டேனுங்க. பாயிண்ட் பாத்து ஒரே எடத்துல எறக்குவேன்."

"தேங்காயை உள்ளங்கையில் வைத்தா பாயிண்ட் பார்க்கிறீர்கள்?" என்றேன். தேங்காயை வைத்து நீரோட்டம் கண்டுபிடிப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

"தேங்கா எந்திரிச்சு நிக்குமுங்க டீச்சர். நீங்க வேணா வந்து பாருங்க." சிரிக்காமல் சொன்னார்.

அப்புறம் விதி பேசினோம். அவர் ஆடுவது நாட்டு ஆட்டம். நானும் அப்பாவிடம் அதைத்தான் கற்றேன். பன்னாட்டு விதியில் என்ன மாற்றம் என்று கேட்டார்.

"சிப்பாய் முதல் தடவை ரெண்டு கட்டம் போகலாம். ராஜாவும் யானையும் ஒரு தடவை இடம் மாத்திக்கலாம். சிப்பாய் கடைசிக் கட்டம் போனால் ராணி ஆகலாம்."

"வேற ஏதும் உண்டுங்களா?"

"வேற ஒண்ணும் இல்லைங்க. மத்ததெல்லாம் நம்ம ஆட்டம்தான்."

"அப்பச் சரிங்க. வாரேனுங்க."

போகும்போது பொட்டியைப் பார்த்துத் தலையசைத்து விடைபெற்றார். பிடித்திருந்தது. ஆனாலும் ஜெயிக்கப் போவது நான்.

ஆகஸ்ட் 12, புதன்

வோல்டேஜ் மோசம். மாலை நாலரைக்குச் சுற்றிலும் பம்ப்செட் எல்லாம் ஓட ஆரம்பித்ததும் திரை சுருங்கிப் போகிறது. இரண்டு முறை எல்லாம் அழிந்தது. கேசட்டிலிருந்து ஏற்ற முறைக்கு ஏழு நிமிஷம்.

பழனிசாமி சொன்ன பாயிண்ட் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. தேங்காய் வேண்டாம். ஆனால் எங்கே முதலில் பார்ப்பது என்பது உண்மையான கேள்வி.

நான் ஒரு நகர்த்தல் யோசிக்கிறேன். எதிராளியிடம் அதற்கு ஒரு நல்ல அடி இருக்கிறது என்று தெரிந்தால் போதும், அந்த நகர்த்தலைத் தூக்கி எறியலாம். மிச்சம் இருபத்தொன்பது பதிலையும் பார்க்க வேண்டாம். ஆனால் அந்த நல்ல அடி முதலிலேயே கண்ணில் பட வேண்டும். கடைசியில் பட்டால் மிச்சமானது ஒன்றும் இல்லை.

அதனால் வரிசை. வெட்டுகிற நகர்த்தல்கள் முதலில். அதிலும் பெரிய காயை வெட்டுவது முதலில். வரிசைப்படுத்தவே கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. ஒவ்வொரு நகர்த்தலும் முன்னைவிட மெதுவாகிறது. மொத்தம் 35 வினாடி!

ஆக, வேகமாகப் பார்ப்பதில் கிடைத்தது 55 வினாடி. பார்க்க வேண்டாததை விட்டதில் கிடைத்தது 50. இரண்டாவதுதான் எனக்கு அழகு. அதற்காகத்தான் கணக்கு படித்தேன் என்று தோன்றியது.

சந்தோஷம் ஒரு மணி நேரம் நிலைத்தது. பொட்டி ராணியைக் கொண்டுபோய், காவல் உள்ள ஒரு சிப்பாயை வெட்டியது. மூன்றாவது ஆழத்தில் நின்றுவிடுவதால் சிப்பாய் லாபம் என்று மட்டும் தெரிகிறது, நாலாவதில் ராணி போவது தெரியவில்லை. முந்நூறு அடியில் ரிக்கை நிறுத்திவிட்டு வறண்ட போர் என்று எழுதுகிற கதை. சரி: மூன்று ஆழத்துக்குப் பிறகு வெட்டுக்களை மட்டும், அடங்கும்வரை தொடர். நேரம் 70 ஆகிறது. 90-க்குள் இருக்கிறது, இருக்கட்டும்.

ராத்திரி சாப்பாட்டில் உப்பு இல்லை என்றார். இருந்தது, பொரியலில் இரண்டு பங்கு.

ஆகஸ்ட் 14, வெள்ளி

பலகை வந்துவிட்டது. லாரி வேலையிலிருந்து மிஞ்சிய பச்சையும் மஞ்சளும். நாலு ஓரத்திலும் தாமரை. கீழே, கேட்காமலே, "ஒலி எழுப்பவும்". திட்டுவதற்குள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஏம்புள்ள, தோத்துப்போனா?" என்றார்.

"தோக்காதுங்க."

"அதில்லை, தோத்துப்போனா எனக்குப் பட்டறையில தலைகாட்ட முடியாது. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

இன்று பொட்டி அதனுடனேயே இரண்டு ஆட்டம். ஒன்றிலும் நடுவில் உறைந்து தொங்கவில்லை. நாளைக்கு: கேசட் பிரதி 2, எக்ஸ்டென்ஷன் வயர், நீலப் புடவை.

ஆகஸ்ட் 15, சனி

ஜெயித்தோம். ஜெயித்தோம். ஜெயித்தோம்.

வரிசையாக எழுதுகிறேன். கொடியேற்றம், மிட்டாய், பேச்சு (நீளம்). பதினொன்றுக்கு ஆட்டம். நடுவர் எங்கள் விளையாட்டு ஆசிரியர், PET சார். கபடி மனிதர். கழுத்தில் விசில். நான் கீபோர்டில், பெரிய பலகையில் காய் மாற்றுவது இரண்டு பெண்கள்.

பழனிசாமி முதல் பத்து நகர்த்தலை வேகமாக ஆடினார். பதினைந்தில் எங்கள் பக்கம் ஒரு குதிரை போயிற்று. ஆனால் அவருக்கு ஒரு பழக்கம். ஒரு பக்கம் ஆழமாக இறங்கினால் மறுபக்கத்தை மறந்துவிடுகிறார். பொட்டிக்கு மறதி கிடையாது. இருபத்தேழில் அவர் யானையைச் சும்மா விட்டார், ஏழாவது வினாடியில் வெட்டியது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக.

கடைசியில் அவரிடம் ராஜா மட்டும், மூலையில். எங்கள் ராணி அந்த ராஜாவிலிருந்து ஒரு குதிரைத் தாவல் தூரத்தில் போய் உட்கார்ந்தது. திரையில் ஜெயித்தேன் என்று ஆங்கிலத்தில் வந்தது. கடிகாரத்தில் எங்களுக்கு இன்னும் ஆறு நிமிஷம்.

பழனிசாமி ராஜா மேல் விரல் வைத்து மூன்று பக்கமும் பார்த்தார். எங்கே வைத்தாலும் வெட்டு.

"அடைச்சுட்டானுங்க," என்று ராஜாவைப் படுக்க வைத்தார். எழுந்து எனக்குக் கும்பிடு, பொட்டிக்கும் ஒரு கும்பிடு. PET சார் நீளமாக விசில் ஊதினார். பெண்கள் கூச்சல் ரோடு வரை கேட்டிருக்கும்.

தா. மேடையிலேயே சாவியைக் கொடுத்தார். சிவப்பு நூல் கட்டிய பித்தளைச் சாவி. "திங்கக்கெழமையே ஆரம்பிச்சிருங்க டீச்சரம்மா." அவர் முகத்தில் கோபம் இல்லை. கொஞ்சம் பெருமைகூட.

வீட்டில் மைசூர்பாகு. அவர் பட்டறையிலிருந்து வரும் வழியில் வாங்கி வந்தது, கடையில் என் பெயரைச் சொல்லித் தள்ளுபடியாம். பொய்யாக இருக்கும்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

காலையில் தூறல். நல்ல மனநிலையில் உட்கார்ந்தேன். அறிவிப்புப் பலகையில் ஒட்ட நேற்றைய ஆட்டத்தை எழுதித் தரச் சொல்லியிருந்தார் தா. சரியான சொற்களுக்காக PET சாரிடம் வாங்கி வந்த விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். பதினாலாம் பக்கம்.

ராஜாவுக்குச் செக் இல்லாமல், ஆனால் நகர்த்த எதுவும் இல்லாமல் போனால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. சமன்.

நாலு முறை படித்தேன். பலகையை வைத்துக் காய்களை அடுக்கினேன். மூலையில் ராஜா. குதிரைத் தாவல் தூரத்தில் ராணி. செக் இல்லை. ராணி குதிரை மாதிரி அடிக்காது. செக்கே இல்லை!

எங்கள் வீட்டு ஆட்டத்தில் இதற்கு அடைப்பு என்று பெயர். அடைபட்டவன் தோற்றான். அப்பா அப்படித்தான் ஆடினார், பழனிசாமி அப்படித்தான் ஆடுகிறார், PET சாருக்கு ரெண்டும் தெரியாது. ஹாலில் இருந்த முந்நூறு பேரில் ஒருத்தருக்கும் உறுத்தவில்லை. எனக்கே உறுத்தவில்லையே.

பொட்டிக்கு எப்படி உறுத்தும்? "செக்கா?" என்ற கேள்வியைத்தான் எட்டாம் தேதி நான் பிடுங்கி எறிந்தேனே. நகர்த்தல் இல்லை என்றால் தோல்வி என்று எழுதச் சொன்னேனே. மேலே புரட்டிப் படித்தேன்: "இன்று நான் ரொம்பக் கெட்டிக்காரி." அந்த வரியை அடிக்கலாம் என்று பேனா எடுத்து, அடிக்காமல் விட்டேன்.

அதைவிட மோசம் ஒன்பதாம் தேதி. அந்த மனிதர் நேராகக் கேட்டார், வேறு ஏதும் உண்டா என்று. புத்தகத்தைத் திறக்காமலே இல்லை என்றேன்.

வீட்டில் அவரிடம் சொன்னேன். மைசூர்பாகு தின்றுகொண்டிருந்தார்.

"யாருக்குத் தெரியப் போகுது புள்ள? அவரே தோத்துட்டேன்னு ராஜாவைச் சாச்சாரு."

"அதுக்கு முன்னாடியே ஆட்டம் முடிஞ்சுபோச்சுங்க. சாச்சது கணக்குல வராது."

"எட்டுப் புள்ளைங்க படிக்கும். அது கணக்குல வராதா?"

அவர் சொன்னது சரி. நாள் முழுக்க அதையே நினைத்தேன். யாருக்கும் தெரியாது, வகுப்பு நடக்கும், யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் அந்த எட்டுப் பேருக்கும் நான் சொல்லிக் கொடுக்கப் போவது இதே புரோகிராம். இந்த வரிக்கு வந்ததும் ஒருத்தி கையைத் தூக்கி, "மிஸ், இங்கே செக்கா என்று பார்க்க வேண்டாமா?" என்று கேட்பாள். கேட்டே தீருவாள். கேட்காவிட்டால் நான் சொல்லிக் கொடுத்ததே பிரயோஜனம் இல்லை.

வெட்கமாக இருக்கிறது. அதைவிடக் கோபம், என் மேல்.

ஆகஸ்ட் 17, திங்கள்

ஆவணி பிறந்தது. காற்று நின்றுவிட்டது.

காலை ஒன்பதுக்கே தா. அறை. புத்தகத்தைத் திறந்து வைத்துச் சொன்னேன். சாவியை மேஜை மேல் வைத்தேன். அவர் பதினாலாம் பக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இத வேற யாராச்சும் கண்டுபுடிச்சாங்களா?"

"இல்லைங்க."

"பின்ன ஏம்மா நீங்களா வந்து சொல்றீங்க?"

"தாளில் பன்னாட்டு விதிமுறை என்று எழுதியிருக்கீங்க, ஐயா."

சாவியை எடுத்து மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். எழுதியதை எழுதியபடி நடத்துகிறவர், அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எதிராளிக்கு விதியைத் தப்பாகச் சொல்லி நடந்த ஆட்டம் செல்லாது என்றார், பழனிசாமி ஒப்புக்கொண்டால் வருகிற ஞாயிறு மறு ஆட்டம். அதுவரை அறை பூட்டியே இருக்கும். ஞாயிறு காலை ஒன்பதுக்குத் திறப்பார், பத்துக்கு ஆட்டம்.

வகுப்பு என்று எட்டுப் பேரும் நாலரைக்குப் பூட்டின கதவு முன்னால் நின்றார்கள். அடுத்த வாரம் என்றேன். ஒருத்தியும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

பள்ளி விட்டதும் திருச்செங்கோடு பஸ். பழனிசாமியின் வண்டிக் கொட்டகை, மலை தெரிகிற பக்கம். இரண்டு ரிக் வண்டி நிற்கிறது. ஒன்று ஆந்திரா போய் வந்த மண்ணோடு. அவர் பாறை உடைக்கும் சுத்தியல் பிட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர். உங்க பையன் சௌக்கியமுங்களா?" பொட்டியைத்தான் கேட்கிறார்.

சொன்னேன். ஒப்புக்கொள்ளவே இல்லை.

"தோத்தது தோத்ததுதானுங்க. நகர எடமில்லாதவனுக்கு என்ன சமன் வேண்டிக் கெடக்குது?"

"விதி அப்படிங்க. நான்தான் உங்களுக்குத் தப்பாச் சொன்னேன். வேற ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன்."

புத்தகத்தை வாங்கி வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். திருப்பிப் படித்தார். கண்ணில் ஒரு மினுக்கம்.

"அப்ப, தோக்கற ஆளு தானாப் போயி மாட்டிக்கிட்டாலும் தப்பிச்சரலாமுங்களா?"

"ஆமாங்க."

"செரி டீச்சர். ஞாயித்துக்கெழமை பொழுது கெளம்ப வந்தர்றேனுங்க."

டீ வாங்கிக் கொடுத்தார். திரும்பி வரும் பஸ்ஸில், பாதி வழியில்தான் உறைத்தது. நானே போய் அவருக்கு ஆயுதம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதுவும் என் பொட்டியின் குருட்டுக் கண் எந்தப் பக்கம் என்று காட்டி.

பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து சீட் அம்மாள் தள்ளி உட்கார்ந்தார்.

ஆகஸ்ட் 20, வியாழன்

பொட்டி இல்லாமல் புரோகிராம் எழுதுகிறேன். கட்டம் போட்ட நோட்டு, ரப்பர், சமையல் மேடை.

எட்டாம் தேதிக்கு முன்னால் இருந்த மாதிரி கேள்வியைத் திரும்ப எல்லா இடத்திலும் வைத்தால் நேரம் இரண்டு பங்காகும், கடிகாரத்தில் தோற்போம். வைக்காவிட்டால் பழனிசாமியிடம் தோற்போம். ரசம் கொதித்து வழிகிறவரை இதையே யோசித்தேன்.

பிறகு தெரிந்தது. எவ்வளவு சின்ன விஷயம்! எல்லா இடத்திலும் எதற்குக் கேட்க வேண்டும்? நகர்த்தல் ஒன்றுமே இல்லை என்று ஆன இடத்தில் மட்டும் கேட்டால் போதாதா? அங்கே ஒரே ஒரு முறை: "செக்கா?" ஆமென்றால் தோல்வி. இல்லையென்றால் சமன். இருபத்தேழாயிரத்தில் அப்படிப்பட்ட இடம் நாலோ ஐந்தோ. அதற்கு ஆகும் நேரம் கொசு அளவு.

அதாவது அன்று நான் மிச்சம் பிடித்த 55 வினாடியையும் வைத்துக்கொண்டே இதைச் சரியாக எழுதியிருக்கலாம். அவசரத்தில் கேள்வியைக் குறைக்காமல் மொத்தமாகக் கொன்றுவிட்டேன்.

பதினாலு வரி. ஒவ்வொன்றையும் கையால் எண்ணாக மாற்றி எழுதியாயிற்று. ஓட்டிப் பார்க்க வழியில்லை. ஆனால் சரியாக இருக்கும், எனக்குத் தெரியும்.

அவர் நோட்டை எட்டிப் பார்த்தார். "மளிகை லிஸ்டா?"

ஆகஸ்ட் 22, சனி

ஒன்றும் செய்ய முடியாத நாள். துணி, அரிசி மாவு, விடைத்தாள் திருத்தல். பதினாலு வரியையும் ஒன்பது முறை சரிபார்த்தேன். ஒன்பதாவது முறை, எட்டாவது வரியில் ஒரு எண் தப்பு. முதல் எட்டு முறை எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்?

ஆகஸ்ட் 23, ஞாயிறு

ஒன்பதுக்குத் தா. கதவைத் திறந்தார். கேசட் ஏற ஏழு நிமிஷம். பதினாலு வரியை அடித்தேன். ஓட்டினேன். தொங்கிவிட்டது.

தா. நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்தார். மறுபடி கேசட், மறுபடி ஏழு நிமிஷம், மறுபடி பதினாலு வரி. கடைசி வரியில் திரும்பிப் போகச் சொல்ல மறந்திருந்தேன். பதினைந்தாவது வரி. ஓடியது. மூலை ராஜாவையும் ராணியையும் வைத்துச் சோதிக்க நேரமில்லை. பத்தாகிவிட்டது.

கூட்டம் போன முறையைவிட அதிகம், என் வீட்டுக்காரரின் பட்டறையே வந்திருந்தது. நடுவர் அதே PET சார், இந்த முறை கையில் விதிப் புத்தகம்.

பழனிசாமி இன்று நிதானம். காய்களை வெட்டிக் குறைக்காமல் ஆடினார், பொட்டி பார்க்க வேண்டியது கூடி எங்கள் கடிகாரம் கரைந்தது. நாற்பதாவது நகர்த்தலில் எங்களிடம் ஒரு ராணி அதிகம், ஆனால் நேரம் நாலு நிமிஷம்தான். அவர் ராஜா தானாகவே மூலைக்குப் போயிற்று. தன் சிப்பாய்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பொட்டியிடம் நீட்டினார், வெட்டு வெட்டு என்று. பொட்டி வெட்டியது. கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்ன செய்கிறார் என்று இந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கடைசியில் அவர் ராஜா அடைபட்டு நிற்கிறது. நகரக்கூடியது அவருடைய ஒரே யானை. அந்த யானையைத் தூக்கி எங்கள் ராஜாவுக்குப் பக்கத்திலேயே வைத்தார்.

"செக்குங்க."

காவல் இல்லாத யானை. வெட்டினால் அவருக்கு நகர ஒன்றும் இல்லை, சமன், கண்ணாடி பீரோ. பழைய பொட்டியாக இருந்தால் பாய்ந்து வெட்டி, ஜெயித்தேன் என்று போட்டிருக்கும். எங்கள் நேரம் ஒரு நிமிஷம் பத்து வினாடி.

திரையில் புள்ளி மின்னியது. பத்து வினாடி. பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் குரல், "வெட்டு சாமி, வெட்டு!" விவரம் தெரியாமல் பொட்டிக்குச் சொல்கிறார்.

பொட்டி வெட்டவில்லை. ராஜாவை ஒதுக்கியது.

பழனிசாமி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். யானையை மறுபடி பக்கத்தில் வைத்தார். செக். மறுபடி ஒதுங்கியது, நாலே வினாடியில். செக்கில் நிற்கும்போது போக இடமே இரண்டோ மூன்றோ. பார்க்க வேண்டியதும் அவ்வளவுதான், அதனால் இந்த வேகம். இதை நான் யோசித்து வைக்கவில்லை, தானாக வந்தது. மூன்றாவது செக். ஒதுங்கியது. நாலாவது முறை அவர் யானை வந்து நின்ற கட்டம் எங்கள் ராணியின் கோட்டில். ராணி வந்து வெட்டியது, வெட்டிய இடத்திலிருந்து அவர் ராஜாவுக்கு மூச்சு விட ஒரு கட்டம் திறந்தது.

"கண்டுபுடிச்சுட்டானுங்க," என்றார் பழனிசாமி, சத்தமாக, சந்தோஷமாக.

இந்த முறை ராஜாவைப் படுக்க வைக்கவில்லை. திறந்த கட்டத்துக்கு நகர்த்தினார். அடுத்து ஒரு நகர்த்தல், இன்னும் ஒன்று. கடைசி ராணி செக்கில் ராஜாவுக்குப் போக இடமில்லை என்றானதும், PET சாரிடம் புத்தகத்தை வாங்கி, பதினாலாம் பக்கத்தைத் திறந்து வைத்து, பலகையையும் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் கை கொடுத்தார். கடிகாரத்தில் எங்களுக்குப் பதினொரு வினாடி.

"செக்குத்தானுங்க டீச்சர். நல்லாப் பாத்துட்டேன்."

தா. சாவியைக் கொடுத்தார். கொடுக்கும் முன் வேட்டி நுனியில் ஒரு முறை துடைத்தார்.

சாவி இப்போது சமையலறை ஆணியில். நாளைக்கு: சாக்பீஸ், ஜன்னல் கொக்கி, நாலரைக்கு எட்டுப் பேர். முதல் பாடம் எட்டாம் தேதித் தப்பு.